60 மில்லியும் 7 லிட்டரும்: நடுங்கிய ஓர் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்

போன வருடம் ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் பட்டறைக்கு ஒரு வெள்ளை செடான் வந்தது. 2014 மாடல், பெட்ரோல், 6 கியர் ஆட்டோமேட்டிக், மீட்டரில் 86,000 கி.மீ. ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல் ஆட்டோமேட்டிக் வாங்கியவர். வீடு சிங்காநல்லூர், மகள் வீடு கோத்தகிரி. மாதம் இரண்டு தடவையாவது மலை ஏறி இறங்குகிற வண்டி.

"60, 65ல போறப்ப, ரோட்டுல வரிவரியா மேடு போட்டு வச்சிருப்பாங்களே, அது மேல ஏறுன மாதிரி ஒரு டர்ர்ர்... ரெண்டு செகண்டுதான் தம்பி. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி போகுது" என்றார்.

நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி வைத்தியம் முடிந்துவிடும் என்பார்கள். டீச்சர் சொன்ன அந்த ஒரு வரியில் வேகம், கால அளவு, அதிர்வின் தன்மை மூன்றும் இருந்தன. ஆனால் அதற்கு முன்பு போன இடங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஓரிடத்தில் வீல் பேலன்ஸ் செய்திருந்தார்கள். இன்னோரிடத்தில் ஸ்பார்க் பிளக்கும் இன்ஜின் மவுண்டும் மாற்றியிருந்தார்கள். மூன்றாவது இடத்தில் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துப் பயந்துபோய், யாரோ சொன்னதைக் கேட்டு இணையத்தில் ஒரு சின்ன பாட்டில் வாங்கி வைத்திருந்தார். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கியர் பாக்ஸ் எண்ணெயில் கலக்கும் சேர்மானம், 60 மில்லி.

"இதை ஊத்துனா நடுக்கம் போயிரும்னு போட்டிருக்கு. ஊத்தலாமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

இந்தக் கேள்வியை வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். பெரும்பாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த முறை ஊற்றினேன். எதற்காக ஊற்றினேன், என்ன ஆனது, வண்டியைக் கடைசியில் எது குணப்படுத்தியது என்பதைக் குறிப்பேட்டில் இருந்தபடியே எழுதுகிறேன். மாடல் பெயர் முக்கியமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது?

நீலாம்பூரில் ஏறி மதுக்கரை வரை போகும் பைபாஸ் இந்த மாதிரிச் சோதனைக்கு எங்களுக்குத் தோதான ரோடு. சிக்னல் தொந்தரவு இல்லாமல் ஒரே வேகத்தில் போகலாம். எங்கள் பட்டறைப் பையன் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் 10 கி.மீ. ஒன்றுமே இல்லை. எண்ணெய்ச் சூடு 80 டிகிரியைத் தாண்டிய பிறகு, 64 கி.மீ. வேகத்தில், ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டும் படாமல் இருக்கும்போது வந்தது. டீச்சர் சொன்ன அதே டர்ர்ர்.

காலை அழுத்திப் பார்த்தேன், நின்றுவிட்டது. திரும்ப லேசாக விட்டேன், வந்தது. இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாத மிஸ்ஃபயராக இருந்தால் பாரம் ஏற ஏற மோசமாகும், இது நேர்மாறாக இருந்தது. சக்கரமாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலும் விட்டாலும் அந்த வேகத்தில் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்தது, இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. செலவே இல்லாதது. நடுக்கம் இருக்கும்போது வலது கால் ஆக்ஸிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக் பெடலை இலேசாகத் தொட வேண்டும். வண்டி வேகம் குறையக் கூடாது, பின்னால் பிரேக் விளக்கு எரியும் அளவுக்குத் தொட்டால் போதும். பிரேக் சுவிட்ச் சிக்னல் வந்ததும் கம்ப்யூட்டர், இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்சை விடுவித்துவிடும். தொட்டேன். கத்தியால் நறுக்கியது போல் நடுக்கம் நின்றது. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அப்படித்தான். அப்படியென்றால் நடுக்கம் அந்தக் கிளட்சிலிருந்துதான். பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

"அண்ணா, ஸ்லிப் நம்பர் ஆடுது பாருங்க" என்றான் பையன். இன்ஜின் சுற்றுக்கும் கியர் பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் சுற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்லிப். லாக்-அப் நன்றாக இருக்கும் வண்டியில் அது 20, 25 சுற்றில் அடங்கி நிற்கும். இதில் 8 என்று காட்டியது, உடனே 70 என்றது, மறுபடி 15 ஆனது. எங்கள் ஸ்கேனர் நொடிக்குச் சில முறைதான் படிக்கும், அதனால் நடுக்கத்தின் முழு அலையையும் அதில் பார்க்க முடியாது. ஆனாலும் கிளட்ச் பிடித்து விட்டு, பிடித்து விட்டு ஆடுகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. கம்ப்யூட்டரில் பழுதுக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை. கியர் மாறுவதில் குறையே இல்லை. ரிவர்ஸ் போட்டால் தாமதம் இல்லாமல் பிடித்தது.

அந்தக் கடைசி இரண்டு விஷயங்களை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். மற்ற கிளட்ச்களும் சீல்களும் பம்ப்பும் சரியாக இருக்கின்றன, ஓரிடத்தில் மட்டும் உராய்வு கெட்டிருக்கிறது என்பதற்கு அவை இரண்டும் அடையாளம்.

பீரோவும் நாற்றும்

டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு பக்கத்து இறக்கைகள் எண்ணெயைச் சுழற்றி அடிக்க, எதிர்ப்பக்கத்து இறக்கைகள் அந்த வேகத்தில் சுழலும். வண்டி கிளம்பும்போது இது அருமையான ஏற்பாடு. ஒரே சீராக ஓடும்போது மட்டும் வழுக்கலில் பெட்ரோல் வீணாகும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க உள்ளேயே ஒரு லாக்-அப் கிளட்ச் வைத்தார்கள். இந்தக் கால கியர் பாக்ஸ்களில் அதை முழுக்க இறுக்காமல், சின்ன வழுக்கலோடு பிடித்து வைப்பார்கள், இன்ஜினின் அதிர்வு உள்ளே வராமல் இருப்பதற்காக. அதாவது, எண்ணெயில் ஊறிய காகித நார் லைனிங் ஒன்று இரும்புத் தகட்டின் மேல் மணிக்கணக்காகத் தேய்ந்துகொண்டே போகிறது. அது வழுக்கிக்கொண்டு போகுமா, பிடித்துப் பிடித்து இழுக்குமா என்பதை முடிவு செய்வது நடுவில் இருக்கும் எண்ணெய்தான்.

வீட்டில் இரும்பு பீரோவைத் தள்ளியவர்களுக்கு இது புரியும். முதலில் நகரவே நகராது, அப்புறம் சட்டென்று நகரும், மறுபடி பிடித்துக்கொள்ளும். கிர்ர்... கிர்ர்... என்று தரையே அதிரும். நின்றதை நகர்த்தத் தேவையான விசை, நகர்வதைத் தள்ளத் தேவையான விசையைவிட அதிகமாக இருப்பதுதான் காரணம். பீரோ காலுக்கு அடியில் ஈரச் சாக்கைப் போட்டால் அந்தத் தகராறு தீர்ந்தது. லாக்-அப் கிளட்சிலும் இதே கதைதான். வேகம் கூடக் கூட உராய்வு கொஞ்சம் கூடினால் வழுக்கல் சீராக இருக்கும், வேகம் குறையும்போது உராய்வு ஏறினால் நடுக்கம் வரும்.

அந்த ஈரச் சாக்கின் வேலையை எண்ணெயில் உள்ள உராய்வுத் திருத்திகள் செய்கின்றன. நீளமான மூலக்கூறுகள். ஒரு முனை இரும்பில் ஒட்டிக்கொள்ளும், மறுமுனை எண்ணெய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நாற்று நட்ட வயல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற, வருடம் ஆக ஆக, இந்த நாற்றுகள் கருகி வயலில் சொட்டை விழுகிறது. எண்ணெய் 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எண்ணெய்க்காரர்கள் கையாளும் பொதுக் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் லாக்-அப் பிடிக்காமல், கன்வெர்ட்டர் எண்ணெயை அடித்துக் கலக்கிக்கொண்டே ஏறும். மாதம் இரண்டு தடவை, பத்து வருடம், எண்ணெய் ஒரு தடவைகூட மாற்றாமல். கையேட்டில் 'ஆயுள் முழுவதுக்குமான எண்ணெய்' என்று போட்டிருந்ததாம்.

இந்தச் சொல் எத்தனை கியர் பாக்ஸ்களைத் தின்றிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரியும். உலகத்தின் பெரிய கியர் பாக்ஸ் தயாரிப்பாளர்களில் ஒன்றான இசட்எஃப் நிறுவனம் தன்னுடைய ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்தில், எண்ணெய் மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியை வாங்கிப் பொருத்தும் கார் நிறுவனங்களில் சில, மாற்றவே வேண்டாம் என்று எழுதி வைத்தன.

திமிங்கிலத்திலிருந்து தொடங்கிய கதை

உராய்வுத் திருத்தி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அமெரிக்கா 1970களில் பட்டுத் தெரிந்துகொண்டது. அதற்கு முன்பு ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் எண்ணெயில் இந்த வேலையைச் செய்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். அது நம் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மாதிரியானது இல்லை, திரவ நிலையில் இருக்கும் ஒரு மெழுகு. சூட்டில் எளிதில் கெடாது, இரும்பில் நன்றாக ஒட்டும். 1970ல் அந்தத் திமிங்கிலத்தை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அமெரிக்க அரசு பட்டியலில் சேர்த்தது. அப்புறம் வந்த சட்டங்களோடு எண்ணெய் வரத்து நின்றுபோனது. மாற்றாக வந்த டெக்ஸ்ரான்-2 வகையின் முதல் கலவை, எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்களின் பற்றவைப்பை அரித்தது. அதைத் திருத்தி இன்னொரு கலவை கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு சேர்மானத்தை எடுத்து இன்னொன்றைப் போட்டால், சம்பந்தமே இல்லாத இடத்தில் கை வைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

திமிங்கில எண்ணெய்க்கு வேதியியலில் மிக நெருங்கிய உறவு, அமெரிக்க, மெக்சிகோ பாலைவனத்தில் விளையும் ஜொஜோபா செடியின் விதை எண்ணெய். இன்று நம் ஊரில் தலைக்குத் தேய்க்க வாங்குகிறோமே, அதேதான்.

இன்னொன்றும் உண்டு. அதே காலத்தில் ஃபோர்டு தன் பெட்டிகளுக்கு வைத்திருந்த 'டைப் எஃப்' எண்ணெயில் உராய்வுத் திருத்தியே கிடையாது. அவர்களுடைய கிளட்ச்கள் வெடுக்கென்று பிடிப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. ஒரு கம்பெனிக்கு வழுக்கல் தேவை, இன்னொரு கம்பெனிக்குப் பிடிப்பு தேவை. எல்லா வண்டிக்கும் ஒரே பாட்டில் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

60 மில்லியை ஏன் ஊற்றினேன்

டீச்சர் கொண்டுவந்த பாட்டிலின் விவரத்தைப் படித்தேன். உராய்வுத் திருத்தியின் செறிவு மட்டும்தான் அதில் இருந்தது. சீலை உப்ப வைக்கும் சமாச்சாரமோ எண்ணெயைக் கெட்டியாக்கும் பசையோ இல்லை. நம் சந்தேகமும் அதே உராய்வின் மேல்தான். அப்படியென்றால் இந்த 60 மில்லி ஒரு பரிசோதனைக் கருவி. கெட்டது எண்ணெயின் உராய்வு மட்டும்தான் என்றால் நடுக்கம் சில கிலோமீட்டரில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் லைனிங் கருகியிருக்கிறது, இல்லையென்றால் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடியில் அழுத்தம் ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது பெட்டியை இறக்கத்தான் வேண்டும். ஒரு லட்ச ரூபாய் முடிவை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பாட்டில் தெளிவாக்கும் என்றால் அது நல்ல பேரம்தான்.

டீச்சரிடம் அப்படியே சொன்னேன். "இது மருந்து இல்லைங்க டீச்சர். ரத்தப் பரிசோதனை மாதிரி. இதுல குணமானாலும் எண்ணெயை மாத்தித்தான் ஆகணும்."

"டெஸ்ட்னா சரி. மார்க் வந்ததும் சொல்லுங்க" என்றார்.

ஊற்றுவதற்கு முன் எண்ணெய் அளவைப் பார்த்தோம். இந்தப் பெட்டிக்கு அளவு பார்க்கும் குச்சி (டிப்-ஸ்டிக்) இல்லை. வண்டியை லிஃப்டில் சமமாகத் தூக்கி, இன்ஜின் ஓடும்போது எண்ணெய் 40 டிகிரியை ஒட்டி வந்ததும் அடியில் உள்ள அளவுத் துளையைத் திறக்க வேண்டும். சன்னமாக ஒழுகினால் அளவு சரி. சரியாகவே இருந்தது. ஒழுகியதில் நாலு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டேன். புது எண்ணெய் மாதுளைச் சாறு போல் இருக்கும். இது சுக்குக் காப்பி நிறம். மோந்து பார்த்தேன், பழைய எண்ணெய் வாடைதான், தீய்ந்த நெடி இல்லை. தீய்ந்த நெடி அடித்திருந்தால் பாட்டிலைத் திறந்தே இருக்க மாட்டேன். லைனிங் கருகிய பெட்டிக்கு உராய்வுத் திருத்தி கொடுப்பது, வழுக்கி விழுகிறவன் காலடியில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி.

மேலே உள்ள நிரப்புத் துளை வழியாகச் சிரிஞ்சில் 60 மில்லியையும் விட்டு, மறுபடி பைபாஸ். முதல் 12 கி.மீ.யில் நடுக்கம் இரண்டு தடவை வந்தது, முன்பைவிட மெலிசாக. அதற்கப்புறம் வரவே இல்லை. மதுக்கரையில் திரும்பி வரும்போது ஸ்லிப் எண் 20க்கும் 30க்கும் நடுவில் நின்றது. 64 கி.மீ. வேகத்தில் நான் வேண்டுமென்றே காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியை அனுப்பியிருந்தால் டீச்சர் சந்தோஷமாகப் போயிருப்பார். 'ஒரே பாட்டிலில் குணம்' என்று பத்துப் பேரிடம் சொல்லியிருப்பார். நம் ஊரில் சேர்மானங்களுக்குக் கிடைக்கும் நல்ல பெயரில் பாதி இப்படித்தான் கிடைக்கிறது, ஓட்டிப் பார்த்த முதல் நாளோடு கணக்கை மூடிவிடுவதால்.

நாங்கள் மூடவில்லை. எண்ணெய் வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்பதால் அதுவரை ஓட்டச் சொன்னோம். பதினேழாம் நாள் போன் வந்தது. "மத்தியானம் அவினாசி போயிட்டு வந்தேன் தம்பி. நல்ல வெயில். லேசா ஒரு தடவை வந்த மாதிரி இருந்துச்சு. என் பிரமையா இருக்குமோ?" பிரமை இல்லை. கருகிப்போன வயலில் புதிதாக நாலு வரிசை நாற்று நட்டிருக்கிறோம். தண்ணீரும் மண்ணும் பழசுதானே. பத்து வருட அமிலமும் கசடும் அந்த எண்ணெயிலேயே இருந்தன.

7 லிட்டர்

இந்தப் பெட்டியின் மொத்தக் கொள்ளளவு 7 லிட்டர். டிரெயின் போல்ட்டைத் திறந்தால் அதில் ஏறக்குறைய பாதிதான் இறங்கும். மிச்சம் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். ஒரு தடவை வடித்து நிரப்பினால் 50 சதவீதம் புதிது, இரண்டாவது தடவை 75, மூன்றாவது தடவை 87 சொச்சம். மெஷின் வைத்து ஒரே மூச்சில் மாற்றும் முறையும் இருக்கிறது. பத்து வருடக் கசடு இருக்கும் பெட்டியில் வேகமாக அலசினால் எங்கோ படிந்து கிடந்தது வால்வு பாடிக்குள் போய் உட்காருமோ என்ற பயம் எனக்கு உண்டு. அதனால் மூன்று தவணையாக, நடுவில் 150 கி.மீ. ஓட்டி மாற்றினோம். எண்ணெய் கையேட்டில் உள்ள அதே தரக்குறியீடு. 'எல்லாத்துக்கும் ஒத்துவரும்' வகை வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சேர்மானம் எதுவும் கலக்கவில்லை.

முதல் தவணையில் பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான 'பான்' என்பதைக் கழற்றினோம். மூலைகளில் நாலு காந்தம். நாலிலும் கறுப்புக் களிம்பு, கண்மை மாதிரி. விரல் நுனியில் எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்தால் வழுவழுவென்று இருந்தது, நெருநெருவென்று எதுவும் தட்டுப்படவில்லை. ஊசி மாதிரியோ சுருள் மாதிரியோ இரும்புத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. பானின் அடியில் லைனிங் நார் ரொம்பக் குறைவு. "இதுக்கா அண்ணா பொட்டியை இறக்கச் சொன்னாங்க?" என்று பையன் கேட்டான். பானைத் திறந்து காந்தத்தைப் பார்க்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தை யாராவது செலவழித்திருந்தால் டீச்சர் இரண்டு மாதம் தூக்கம் கெட்டிருக்க வேண்டியதில்லை.

முதல் தவணைக்கு அப்புறமும் மெலிசான நடுக்கம் ஓரிரு தடவை வந்ததாக அவர் எழுதி வைத்திருந்தார். தேதி, இடம், வேகம் எல்லாம் நோட்டில் இருந்தது, ஆசிரியை அல்லவா. இரண்டாவதுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை. மூன்றாவது தவணையும் முடிந்து ஓட்டிய முதல் 300 கி.மீ.யில் ஒருமுறை வந்தது, அதற்குமேல் வரவில்லை.

இந்த 300 கி.மீ. கணக்கு எனக்குப் புதிது இல்லை. 2015 மாடல் ஆண்டிலிருந்து வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 8 கியர் ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் இதே மாதிரி நடுக்கம். ரோட்டு வரிமேட்டில் போவது போல் இருக்கும் என்று கம்பெனியின் சேவை அறிவுறுத்தலிலேயே வர்ணித்திருந்தார்கள். பல வருடம் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, எண்ணெய் ஈரத்தை இழுத்து உராய்வு குலைவதுதான் சங்கதி என்று வந்து நின்றார்கள். 2018, 2019 வாக்கில் வந்த அறிவுறுத்தல், பழைய எண்ணெயை முழுக்க அலசி எடுத்துவிட்டு வேறு கலவை எண்ணெய் நிரப்பச் சொன்னது. புது எண்ணெய் கிளட்சில் ஊறி முழுப் பலன் தர 200 மைல், அதாவது 320 கி.மீ. ஓட வேண்டியிருக்கலாம் என்றும் அதில் இருந்தது. வழக்குகள் எல்லாம் தனிக்கதை. வண்டியைச் செய்தவர்களே இந்த நோய்க்கு எண்ணெயைத்தான் மாற்றினார்கள், மேலே ஒரு பாட்டிலை ஊற்றச் சொல்லவில்லை என்பதுதான் இங்கே எனக்குப் பட்டது.

அதே மாதம் வந்த இன்னொரு வண்டி

டீச்சர் வண்டிக்கு நேர் எதிர். 2வது கியரிலிருந்து 3க்குப் போகும்போது இன்ஜின் விர்ரென்று கத்தும், அப்புறம் படக்கென்று கியர் விழும். உரிமையாளர் ஏற்கெனவே ஒரு பாட்டில் ஊற்றியிருந்தார். அது வேறு இனம், தேன் மாதிரி கெட்டி. வழுக்கலை நிறுத்தும், கசிவை அடைக்கும் என்று போட்டிருந்ததாம். இறுகிப்போன ரப்பர் சீலைக் கொஞ்சம் உப்ப வைத்து, எண்ணெயையும் கெட்டியாக்கினால் அழுத்தம் சற்று ஏறும், வழுக்கல் குறையும். இவருக்கும் ஒன்றரை மாதம் குறைந்திருக்கிறது. அந்த ஒன்றரை மாதமும் கிளட்ச் உள்ளே எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. எங்களிடம் வந்தபோது அடியில் வடித்த எண்ணெய் கறுப்பு, நெடி மூக்கைப் பொத்த வைத்தது, பானில் லைனிங் துகள் காப்பித் தூள் மண்டி மாதிரி. முதலிலேயே வந்திருந்தால் ஒரு கிளட்ச் தொகுதியோடும் சீல்களோடும் முடிந்திருக்கும். இப்போது டிரம், வால்வு பாடி சுத்தம், கன்வெர்ட்டர் என்று போய்விட்டது. அந்த மனிதர் முகத்தைப் பார்த்துச் செலவைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

வழுக்கல் வேறு, நடுக்கம் வேறு. முதலாவதில் பிடிப்பு போதவில்லை, இரண்டாவதில் பிடிப்பு ஒழுங்காக இல்லை. உராய்வுத் திருத்தி பிடிப்பைக் குறைக்கும் பொருள். இதை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் இன்ஜின் ஆயிலைப் பைக்கில் ஊற்றி, கிளட்ச் வழுக்கி, பிறகு பைக் கிளட்சுக்கு ஒத்துவரும் எண்ணெய்க்கான ஜாசோ எம்ஏ முத்திரை பார்த்து வாங்கப் பழகியவர்கள் நிறையப் பேர்.

நம் ரோடுகளில் 'ஆட்டோமேட்டிக்' என்று ஓடும் வண்டிகளில் பல, இந்த ஆய்வில் வரும் ரகமே இல்லை. 2014ல் செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏஎம்டி, சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் கியர் போடுவதும் மட்டும் இயந்திரம். அதன் கிளட்ச் உலர்ந்த கிளட்ச், எண்ணெயே படாது. கியர் மாறும்போது தலை ஆடுகிறது என்று அதன் கியர் ஆயிலில் பாட்டில் ஊற்றுவதில் ஒரு பயனும் இல்லை. சிவிடி என்ற இன்னொரு ஆட்டோமேட்டிக் ரகத்தில் ஊற்றுவதோ ஆபத்து. அங்கே இரும்புப் பட்டையும் கப்பியும் எண்ணெய்க்குள் ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் வண்டி நகரும். டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கான வழுக்கல் சரக்கை அதில் விட்டால் பட்டை வழுக்கிக் கப்பியில் கோடு விழும்.

உலர்ந்த கிளட்ச் வைத்த இரட்டைக் கிளட்ச் பெட்டிகளிலும் எண்ணெய் விளையாட்டு காட்டியிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் தன் டிஎஸ்ஜி என்ற 7 கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி வைத்த வண்டிகள் 16 லட்சத்தை 2013 நவம்பரில் திரும்ப அழைத்து, செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் நிரப்பியது. வெக்கையும் ஈரமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று ஓடும் வண்டிகளில் மின்கோளாறு வரக்கூடும் என்று காரணம் சொன்னார்கள். பரிசோதனைக்கூடம் வைத்திருக்கும் கம்பெனி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எண்ணெயே ஊர் வெக்கைக்கு ஒத்துவராமல் போனது. லேபிளில் என்ன கலந்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்லாத பாட்டிலைத் திறக்க நான் தயங்குவது இதனால்தான்.

மலையில்

மூன்றாவது தவணை முடிந்த பிறகு, டீச்சர் சம்மதத்தோடு வண்டியை நானே கோத்தகிரிக்கு ஓட்டிப் போனேன், ஸ்கேனரோடு. மேட்டுப்பாளையம் தாண்டும்போது எண்ணெய்ச் சூடு 84. லீவரை டி (டிரைவ்) நிலையிலேயே விட்டு ஏறினால் பெட்டி மேல் கியரைத் தேடித் தேடி, சூடு 106 வரை போனது. ஒரு ஓரமாக நிறுத்தி, லீவரை 'பார்க்' நிலையில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் பத்து நிமிடம் விட்டேன். இன்ஜின் ஓடினால்தான் எண்ணெய் குளிர்விப்பானுக்குப் போய் வரும். மறுபாதியை மேனுவலில் 2, 3 என்று நானே கியரைப் பிடித்து வைத்து ஏறினேன். 98ஐத் தாண்டவில்லை. அதே வண்டி, அதே எண்ணெய், அதே மலை. இறங்கும்போதும் கீழ் கியரில் விட்டால் பிரேக்கும் தப்பிக்கும்.

இதை டீச்சருக்கு வண்டியிலேயே உட்கார வைத்துக் காட்டினேன். "இத்தனை வருஷமா டி-ல போட்டுட்டு நிம்மதியா ஏறிட்டிருந்தேன். யாரும் சொல்லலையே" என்றார். மேனுவல் பக்கம் லீவரைத் தள்ளி இரண்டு வளைவு ஓட்டிப் பழகிக்கொண்டார்.

பத்து மாதம் கழித்து, 97,400 கி.மீ.யில் வண்டியைத் திரும்பப் பார்த்தோம். அதே பைபாஸ், அதே 64 கி.மீ. வேகம், எண்ணெய்ச் சூடு 86. ஸ்லிப் 19, 22, 21, 20. அளவுத் துளையில் நாலு சொட்டு எடுத்துத் தாளில் விட்டோம். மாதுளைச் சாறு கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் நிறம் சிவப்புதான். நோட்டில் கடைசி மூன்று பக்கமும் காலி. கதவு ஓரத்தில் ஒட்டிய தாளில் அடுத்த எண்ணெய் மாற்றம் 1,30,000 கி.மீ. என்று எழுதியிருந்தோம். மலை ஏறும் வண்டி என்பதால் அன்றைக்கு அதை அடித்துவிட்டு 1,20,000 என்று திருத்தினேன்.